சிவப்புன்னா பச்சத்தண்ணி

வீட்டோடு சேர்ந்து வந்த தொட்டி அது.
முன்னால் இருந்தவர் தோஹாவிலிருந்து
கப்பலில் போட்டு அனுப்பியது. ரோஸ்மில்க் நிறம்.
பெருமாள்புரத்தில் யார் படுத்துக் குளிக்கிறார்கள்?
ஒருநாள் விட்டு ஒருநாள் ஆற்றுத் தண்ணி வரும்போது
பிடித்து வைத்துக்கொண்டோம்.
மேலே ஒரு பிளாஸ்டிக் கப் மிதக்கும்.

சுவரில் ஒரே ஒரு கைப்பிடி.
தூக்கினால் தண்ணீர், திருப்பினால் சூடு,
குமிழை இழுத்தால் தலைக்குமேல் ஷவர்.
ஒரு கையால் எல்லாம் ஆகட்டும் என்று வைத்தது.
போர்த் தண்ணியின் உப்பு அதன் கழுத்தில் பூத்துப் பூத்து
இரண்டு கையும் வேண்டியதாகிவிட்டது,
சில நாள் முட்டுக்கொடுக்க ஒரு காலும்.

மூடினாலும் சொட்டும்.
ராத்திரி படுத்தபடியே கோமதிநாயகம் சொல்வார்:
‘நிமிசத்துக்கு இருவத்தாறு.’
எண்ணுவாரே தவிர
எழுந்துபோய் ஒன்றும் செய்யமாட்டார்.

மேலப்பாளையத்திலிருந்து மசூது வந்தார்.
‘உள்ள இருக்க உருளைய மட்டும் மாத்தலாம்னு பாத்தேன்க்கா.
இதச் செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல.
முழுசாத்தான் எடுக்கணும். டைல்ஸு ரெண்டு போவும்.’
மூன்று போனது.

சுவருக்குள் பச்சை பிடித்த பித்தளை.
மசூது டார்ச்சைக் கடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.
‘சுடுதண்ணி பைப்ப எவனோ வலப்பக்கம் குடுத்திருக்கான்.
இத்தன வருசமா மாத்தித்தான் குளிச்சியளா?’

பதினொரு வருசம்.
சிவப்புப் பொட்டு வைத்த பக்கம் பச்சத்தண்ணி,
நீலத்தில் வெந்நீர்.
அதைப் பழுது என்று நினைத்ததேயில்லை;
இந்த வீட்டு வழக்கம் என்று இருந்துவிட்டோம்.
விருந்தாட்களுக்குத் துண்டோடு சேர்த்து
ஒரு வாக்கியமும் கொடுப்பேன்:
‘சிவப்புன்னா பச்சத்தண்ணி, மறந்துராதீங்க.’

உலகம்மாளுக்குக் கொடுக்கவில்லை.
ஆனித் தேர் பார்க்க வந்த என் நாத்தனார்
விடியக்காலம் தலைக்குக் குளிக்கப் போய்
நீலத்தை நம்பித் திருப்பினாள்.
தோளில் மூன்று கொப்புளம்.
வடத்தைத் தொடாமலே பஸ் ஏறிப் போனாள்.
‘மைனி வேணும்னே சொல்லல.’
கடையநல்லூர்த் தெருவெல்லாம் நடந்து
அந்தப் பேச்சு எங்கள் வாசலுக்கே வந்தது.
பேரனுக்குக் காது குத்தினாள்;
பத்திரிகையில் அண்ணன் பெயர் மட்டும்.
நான்கு வருசம்.

வேணும்னேதான் சொல்லவில்லையா?
அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அது நிஜம்.
முந்தின ராத்திரி என் குழம்பைப் பற்றி
அவள் ஒன்று சொன்னாள். அதுவும் நிஜம்.

மசூது புதியதை அவிழ்த்தார்.
அதில் என் முகம் கோணலாக நீண்டது.
‘உருளையத் தலகீழாப் போட்டா நேராயிரும்க்கா.
கை பழகிட்டுன்னா சொல்லுங்க,
பழையபடியே விட்டுருதேன்.’
கோமதிநாயகம் என்னைப் பார்த்தார்.
நான் சுவரின் ஓட்டையைப் பார்த்தேன்.
‘நேராவே போடுங்க.’

அதே டைல் கிடைக்கவில்லை,
வண்ணார்பேட்டையில் நாலு கடை ஏறியும்.
வெள்ளைக்கு நடுவே சந்தன நிறத்தில் மூன்று சதுரம்,
பல் கட்டியது மாதிரி.
சொட்டு நின்றுவிட்டது. எண்ண ஒன்றுமில்லாமல்
அவர் புரண்டுகொண்டே கிடந்தார்.

மறுநாள் காலை
கெய்சரை அணைக்காமல் அவர் வந்திருந்தார்.
என் கை பழைய ஞாபகத்தில் சிவப்புக்குப் போனது.
கொப்புளம் இல்லை; ஒரு கணம்தான்.
யாரும் சொல்லிவிடாத வெந்நீர்
எப்படி விழும் என்று தெரிந்துகொள்ள அது போதும்.

ஈரத்தலையோடு போன் போட்டேன்.
அடித்து ஓயப்போகும்போது எடுத்தாள். பேசவில்லை.
பின்னால் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.
‘குழாய மாத்தியாச்சு,’ என்றேன்.
‘இப்ப சிவப்புன்னா சுடுதண்ணி.’

மிக்சி நின்றது.

‘எல்லா வீட்லயும்
அப்படித்தான் மைனி,’ என்றாள்.